முந்நூறாவது பறவைக்கு ஒரு சாட்சி

வாங்க அம்மிணி, வாங்க. செருப்பு கெடக்கட்டும், வெயில்ல நிக்காம உள்ள வாங்க. மெட்ராஸ் பத்திரிகையிலிருந்து வர்றதா போன் பண்ணுனது நீங்கதானுங்களே? என்னயப் பாக்க வரலீன்னு தெரியுமுங்க. என்னய ஆரு பாக்க வர்றாங்க? ஆளு வர்ற நாள்ல வாசல் கேட்டத் தொறக்கற சத்தங் கேட்டாவே இப்பெல்லாம் நானே எந்திரிச்சு வந்து சொல்லீர்றது, "அம்மா குளத்துல இருக்கறாங்க, பத்து மணிக்கு வருவாங்க"ன்னு. முப்பத்திரண்டு வருசம் கவர்மெண்டுல குப்பை கொட்டீட்டு, கடைசீல என்ற ஊட்டு வாசல்லயே பியூன் வேலை கெடைச்சிருக்குது. நல்ல உத்தியோகமுங்க, பென்சனோட.

உக்காருங்க. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு என்னய ஊட்ல இருக்கச் சொல்லி உத்தரவு. காப்பி நான் போட்டதுதான், பயப்படாமக் குடிங்க. பத்து மணிங்கறதெல்லாம் ஒரு பேச்சுக்கு. அங்க ஒரு கொக்கு ஒத்தக் காலுல நின்னுட்டு இருந்துச்சுன்னா, அது மறுகால ஊனற வரைக்கும் அவ எந்திரிக்க மாட்டா. அதுவரைக்கும் என்ற பக்கத்து நியாயத்தக் கேளுங்க. எழுதிக்கங்க. போன மாசம் ஒரு பேப்பர்ல "நொச்சிக்குளத்துப் பறவைகளின் தாய் துளசிமணி"ன்னு அரைப் பக்கத்துக்குப் போட்டாங்க. அதுல கடைசி வரி, "கணவர் நல்லசிவம் உறுதுணையாக உள்ளார்." உறுதுணைங்களாமா. மாவாட்டற மிசினுக்குக் கரண்டு மாதிரி.

நான் சார்பதிவாளர் ஆபீசுல இருந்தனுங்க. கடைசிப் பத்து வருசம் ஹெட் கிளார்க். நாலு எல்லை, ரெண்டு சாட்சி, கைரேகை, சீலு. எல்லாஞ் சரியா இருந்தாத்தான் என்ற மேசையத் தாண்டும். பதிவாகாத நெலம் என்னயப் பொறுத்தவரைக்கும் நெலமே இல்லீங்க, சும்மா மண்ணு. ரிட்டயர்டு ஆனப்பறம் சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரு. சும்மா நடக்கறது எப்பிடி? அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? அப்பத்தான் பறவை பாக்க ஆரம்பிச்சேன். மொத வேலையா நீல அட்டை போட்ட ஒரு ரெஜிஸ்டர் வாங்குனேன். வரிசை எண், பேரு, எடம், தேதி, நேரம். "இயற்கைய அனுபவிக்கோணும்"னு எல்லாரும் வாயில சொல்றாங்க. என்ற அனுபவம் எழுத்துல இருக்குது, ஆரு வேண்ணாலும் வந்து சரிபாத்துக்கலாம்.

நாலாம் நம்பர் மடையானுங்க, அதான் குளத்துக்கொக்கு. பாத்த நேரம் காலை ஆறு பன்னண்டு. முடிஞ்சுது. அதுக்கப்பறம் மடையான் என்ற மூக்குக்கு முன்னால வந்து நின்னாலும் நான் திரும்பறதில்ல. ஒருக்கா பதிவான பத்திரத்த மறுக்கா பதிவாங்களா?

ஈரோட்டுல எங்குளுக்கு ஒரு பறவை நோக்கர் மன்றம் இருக்குதுங்க. அறுபது எழுவது பேரு. அதுல ஒரு வழக்கம். ஆரு முந்நூறு வகைப் பறவை பாத்து முடிச்சாங்களோ, அவங்குளுக்கு மாசி மாச ஆண்டுக் கூட்டத்துல மேடையில ஏத்தி ஒரு பச்சைத் தொப்பி வெப்பாங்க. மத்தவங்க எல்லாம் சாம்பல் கலரு. பச்சை வாங்குனவங்க மொத்தமே நாலு பேருங்க. அதுல ஒருத்தரு கோகுலநாதன்னு பல் டாக்டரு. பச்சை வாங்குன நாள்லேர்ந்து அந்த மனுசன் அதக் கழட்டி நான் பாத்ததில்ல. கண்ணாலத்துக்கு அதோடதான் வருவாரு, எழவுக்கும் அதோடதான் வருவாரு. பல்லுப் புடுங்கறப்பவும் அதத்தான் போட்டுட்டு இருக்கறாருன்னு கேள்வி. என்னயப் பாக்கறப்பெல்லாம் தொப்பியத் தொட்டுக்கிட்டே, "எத்தன ஆச்சுங்க நல்லசிவம்?"ம்பாரு.

ரெண்டு வருசமா நான் இருநூத்தித் தொண்ணூத்தொம்பதுல நிக்கறேன். அந்த ஒண்ணுக்காக நான் போகாத எடமில்ல. கோடியக்கரை போனேன், மழை. வால்பாறை போனேன், அட்டை. கூந்தன்குளத்துல அத்தன ஆயிரம் பறவை, அத்தனையும் எனக்கு முன்னாலயே பதிவானது. நெம்ப வருத்தமுங்க.

இப்ப இவ கதைக்கு வர்றேன். இவளுக்கும் பறவைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. முட்டி வலின்னு டாக்டர் வெடியால காத்து வாங்கச் சொன்னாரு, நானும் போனாப் போகுதுன்னு டி.வி.எஸ்ல பின்னால உக்காத்தி வெச்சுக் குளத்துக்குக் கூட்டீட்டுப் போனேன். காப்பி பிளாஸ்க்கப் புடிச்சுக்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல? கரையில ஒரு வேலமரத்தடியில எறக்கி உட்டுட்டு நான் குளத்தச் சுத்தி வருவேன். ஒரு மணி நேரத்துல குளம் முழுக்கச் சலிச்சு, புதுசு ஒண்ணுமில்லீன்னு எழுதீட்டுத் திரும்பி வந்து பாத்தா, உட்ட எடத்துல உட்ட மாதிரியே உக்காந்திருப்பா. என்ன பண்ணுனேன்னு கேட்டா, "அந்த மடையானப் பாத்துட்டு இருந்தேனுங்க"ம்பா.

ஒரு மணி நேரம்! ஒரே மடையான்! நாலாம் நம்பரு!

அதோட உட்டாப் பரவால்ல. வர்ற வழியெல்லாம் வண்டியில என்ற முதுகுக்குப் பின்னால அதே பேச்சு. "ஏனுங்க, அந்த மடையான் தண்ணிக்குள்ள ஒரு புல்லுத் துண்டப் போடுதுங்க, மீனு அதத் திங்க வருதுங்க, லபக்குனு புடிச்சுக்குதுங்க." "ஏனுங்க, மீன்கொத்தி பொண்ணுக்கு மீனு கொண்டாந்து நீட்டுச்சுங்க, பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க, பாவம் அதையே வாயில வெச்சுட்டு எத்தன நேரம் நிக்குதுங்க." நான் கேட்பேன், "வெண்மார்பு மீன்கொத்தியா, சிறு மீன்கொத்தியா?"ன்னு. "அதெல்லாம் தெரீலீங்க, நம்ம புளியங்கொம்புல உக்காருமே அது"ம்பா. இப்பிடி இருந்தா எந்த ஆபீசுல பதிவு பண்ணுவாங்க? எனக்குச் சிரிப்பே... இல்லீங்க, எரிச்சலா வரும். வண்டி ஓட்டறவங்கிட்டப் பேசாதேன்னு அடக்கி வெச்சேன்.

போன பொங்கலுக்கு மறுநாளுங்க. காலை ஏழு நாப்பத்தொண்ணு. குளத்துக்கு மேக்காலக் கரையில பெரியண்ணன் தோட்டம், அங்க மஞ்ச வெட்டு நடந்துட்டு இருந்துச்சு. அந்தக் கரை ஓரத்துச் சேத்துல ஒரு வாலாட்டி ஓடுது. தூரம் ஒரு அறுவது எழுவது அடி. பைனாகுலர வெச்சுப் பாக்கறேன், தலை மஞ்சள், மொகம் மஞ்சள், நெஞ்சு மஞ்சள்! முதுகு சாம்பல்! றெக்கையில ரெண்டு வெள்ளைக் கோடு! மஞ்சள்தலை வாலாட்டி. வடக்கேர்ந்து வர்றது, எங்க பக்கம் வர்றதே அபூர்வம். மூணு செகண்டுதான் பாத்தேன். அதுக்கு மேல எதுக்குப் பாக்கோணும்? ரெஜிஸ்டர எடுத்து முந்நூறுன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். செவப்பு மையில.

மன்றத்துல ஒரு விதி. அபூர்வப் பறவைன்னா ஒண்ணு போட்டோ வேணும், இல்லாட்டி ரெண்டு பேரு கையெழுத்து வேணும். கேமராவெல்லாம் நான் வெச்சுக்கறதில்ல. போட்டோவுல என்ன வேண்ணா பண்ணலாமுங்க. சாட்சிக் கையெழுத்துல பண்ண முடியாது. பாரத்த எடுத்துட்டு வேலமரத்தடிக்கு வந்தேன். "துளசி, அந்த மஞ்ச வாலாட்டியப் பாத்தியா?"ன்னேன். "தெனமும் பாக்கறதுதானுங்க"ன்னா. எனக்கு அது போதும். "அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடு"ன்னேன். என்ன ஏதுன்னு கேக்காமப் போட்டா. முப்பத்தஞ்சு வருசமா அப்பிடித்தானுங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

அன்னைக்குப் பொழுதுக்குள்ள மன்றத்து வாட்சப்புல போட்டுட்டேன். பூங்கொத்து, கைதட்டல், கும்புட்ட கை, மழையாக் கொட்டுது. பல் டாக்டரு ஒரே ஒரு கட்டை வெரல் மட்டும் அனுப்பிச்சாரு. அதப் பாத்ததுல எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, பேத்தி பொறந்தப்பக் கூட அத்தன இல்லீங்க. செயலாளரு போன் பண்ணித் தொப்பிக்குத் தலை அளவு கேட்டாரு. இஞ்ச் டேப்ப எடுத்து நானே அளந்து சொன்னேன். தலை கொஞ்சம் பெருசுன்னு சொன்னாரு. இருக்குமுங்க.

ஆனா பாருங்க, அபூர்வப் பதிவுன்னா ஒரு ஆளு வந்து நேர்ல விசாரிக்கோணுமாமா. கோபியில காலேஜுல வெலங்கியல் நடத்தற பொண்ணு, தாமரைச்செல்வின்னு பேரு, அதத்தான் அனுப்பிச்சாங்க. நல்ல பொண்ணுதான். ஆனா படிச்ச திமிரு இல்லாம இருந்துச்சு, அதுதான் ஆபத்தாப் போச்சு. வந்ததும் என்ற ரெஜிஸ்டரப் பாத்து, "நெம்ப ஒழுங்கா இருக்குதுங்க சார்"னுச்சு. பொறவு வேலமரத்தடியில இவ பக்கத்துல போயிச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு.

"அம்மா, இந்தக் கையெழுத்து நீங்க போட்டதுங்களா?"

"ஆமா கண்ணு. அவிய போடச் சொன்னாங்க, போட்டேன்."

"இதுல எழுதியிருக்கற பறவைய நீங்க பாத்தீங்களா?"

"வெரலிதானே? தெனமும் பாக்கறேன்."

"ஆரும்மா வெரலி?"

"அதுக்கு எடது கால்ல ஒரு வெரலு இல்ல கண்ணு. போன மார்கழியிலயும் வந்துச்சு, இந்த மார்கழியிலயும் வந்துச்சு. எங்கிருந்து வருதோ பாவம், வெரலு இல்லாமயே வந்து சேந்துருது."

நான் நடுவுல பூந்து, "துளசி, அது மஞ்சள்தலை வாலாட்டி"ன்னேன். அவ என்னய நிமுந்து பாத்து, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றா: "இல்லீங்க. அது வெள்ளை வாலாட்டிதானுங்க. மஞ்சத் தண்ணியில குளிச்சிருக்குது."

உங்குளுக்கு மஞ்ச வேக வெக்கறது தெரியுமுங்களா அம்மிணி? மெட்ராஸ்காரங்களுக்கு மஞ்சள் பாக்கெட்டுல விளையும். இங்க வெட்டுன மஞ்சளப் பெரிய கொப்பரையில போட்டு வேக வெப்பாங்க. வெந்ததும் அந்தத் தண்ணிய வாய்க்கால்ல சாய்ச்சு உடுவாங்க. அது கரைப் பள்ளத்துல தேங்கி ஆறிக் கெடக்கும். "ஒம்பது மணிக்கு வெயிலு பள்ளத்துல உளுகும் கண்ணு, அப்ப வருவா பாரு"ன்னு இவ சொன்னா. உக்காந்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே நம்பிக்கை, வராதுன்னு. பறவை என்ன பஸ்ஸா, சொன்ன நேரத்துக்கு வர்றதுக்கு?

ஒம்பது அஞ்சுக்கு வந்துச்சுங்க. குடுகுடுன்னு ஓடியாந்து, வால ரெண்டு ஆட்டு ஆட்டீட்டு, அந்த மஞ்சத் தண்ணியில எறங்கி முங்கி முங்கி எந்திரிக்குது. றெக்கைய அடிச்சுக்குது, ஒதறுது, மறுக்கா முங்குது. அத்தன சந்தோசம் அதுக்கு. என்ற முந்நூறு, என்ற கண்ணு முன்னாலயே, சீருக்கு உக்காந்த பொண்ணு மாதிரி மஞ்சத்தண்ணி ஊத்திக்கிது. தாமரைச்செல்வி வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்குது. "நெஞ்சுல பாத்தீங்களா கண்ணு, அந்தக் கறுப்புத் துண்டு அப்பிடியே இருக்குது, அது மட்டும் சாயம் ஏறாது"ன்னு இவ வெளக்கம் வேற. அந்தக் கறுப்பு எப்பவும் அங்கதான் இருந்துச்சாமா. நான் மஞ்சள மட்டும் பாத்தேனாமா.

அப்பறம் அந்தப் பொண்ணு புஸ்தகத்துல நெசமான மஞ்சள்தலை வாலாட்டியக் காட்டுச்சு. வகுறு வரைக்கும் மஞ்சள், புடரியில கறுப்பு வளையம். இவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு அஞ்சு நிமிசம் அந்தப் படத்தப் பாத்தா. படத்தையும் அஞ்சு நிமிசந்தான் பாப்பா அம்மிணி, அவளுக்கு எதையும் சுருக்காப் பாக்கத் தெரியாது.

நீங்களே சொல்லுங்க. சாட்சின்னு கையெழுத்துப் போட்டவ, விசாரணையில பெரளலாமா? ஊட்டுக்கு வந்து கேட்டேன். "நெசத்தச் சொல்லக்கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே"ங்கறா. பதிவு ரத்து. நானே செவப்பு மையில அடிச்சேன். பல் டாக்டரு இந்தத் தடவை கட்டை வெரல் அனுப்பல, அழுவற மூஞ்சி அனுப்பிச்சாரு. அக்கறையான மனுசன்.

அதோட முடிஞ்சுருந்தா நான் உங்களயப் புடிச்சு வெச்சுப் பேசியிருக்க மாட்டேன். மாசிக் கூட்டத்துக்கு இவளப் பேசக் கூப்புட்டாங்க. அந்தத் தாமரைச்செல்வி பண்ணுன வேலை. நானும் போனேன். வண்டி ஓட்ட ஆளு வேணுமில்ல? நாப்பது நிமிசம் பேசுனா. மைக்குல இல்லீங்க, மைக்க மறந்துட்டு. தாழைக்கோழி எப்பிடிக் குஞ்சுகளுக்காகச் சண்டை போடுது, ஆள்காட்டி எப்பிடி றெக்கை ஒடிஞ்ச மாதிரி நடிச்சு, முட்டைகிட்ட வர்ற நாய அக்கட்டாலக் கூட்டீட்டுப் போகுது, முக்குளிப்பான் எப்பிடித் தன்ற நெஞ்சு எறகையே புடுங்கிக் குஞ்சுக்கு ஊட்டுது. அறுவது பேரும் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கறாங்க. கடைசீல செயலாளரு கேட்டாரு, "அம்மா, இதுவரைக்கும் எத்தன பறவை பாத்திருக்கறீங்க?"ன்னு.

இவ வெரலு உட்டு எண்ணிப் பாத்தா. "ஒரு இருவது இருக்குமுங்க. ஆனா அந்த இருவதையும் பாத்திருக்கறேன்"னா.

எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டறாங்க. இருவதுக்கு! இருநூத்தித் தொண்ணூத்தொம்பது பாத்தவன் மூணாவது வரிசையில, மின்விசிறி ஓடாத எடத்துல உக்காந்திருக்கறேன். அப்பறம் என்ன பண்ணுனாங்க தெரியுமுங்களா? தைச்சு வெச்ச பச்சைத் தொப்பி ஒண்ணு சும்மா இருக்குதுன்னு எடுத்து இவ தலையில வெச்சுட்டாங்க. என்ற தலை அளவு. மூக்கு வரைக்கும் எறங்கிருச்சு. அதையும் தூக்கிப் புடிச்சுட்டு, கூட்டத்துல என்னயத் தேடறா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

அடுத்த நாள்லேர்ந்து நான் குளத்துக்குப் போறத நிறுத்தீட்டேன். வண்டி ரிப்பேருன்னு சொன்னேன். ஒன்றர மைல், அந்த முட்டிய வெச்சுட்டு நடந்தே போனா, நடந்தே வந்தா. ஊட்டுக்கு ஆளு வர ஆரம்பிச்சாங்க. காலேஜுப் புள்ளைக, டி.வி.காரங்க, ஒருத்தன் பெங்களூர்லேர்ந்து. "சார், அம்மா எங்கே?" எல்லாத்துக்கும் நான் காப்பி போட்டேன். ஒரு மாசம் பொறுத்தேன். பொறவு எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு.

முக்குளிப்பான் தன்ற எறகப் புடுங்கிக் குஞ்சுக்கு ஊட்டுதுன்னு சொன்னாளே, அது பொய்யாத்தான் இருக்கோணும். எறகத் திங்கறதுக்கு அது என்ன முறுக்கா? நேர்ல போயிப் பாத்து, அப்பிடி ஒண்ணும் நடக்கலீன்னு தேதி, நேரத்தோட எழுதி, மன்றத்துக்கு ஒரு ஆட்சேபணை மனு குடுக்கறதுன்னு முடிவு பண்ணுனேன். பங்குனி எட்டாந்தேதி, காலை ஆறரை. ரெஜிஸ்டர், பேனா, பைனாகுலரு. வண்டி ரிப்பேரு சரியாயிருச்சுன்னு சொல்லி அவளயும் ஏத்திக்கிட்டேன்.

வேலமரத்தடியில பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அவ கோரைப் பக்கம் கைய மட்டும் காட்டுனா. ஒரு முக்குளிப்பான், முதுகுல ஒரு குஞ்சு, தலையில வரி வரியா. நூத்திப் பதினேழாம் நம்பருங்க, 2016ல பாத்தது. அத அப்பறம் பாத்ததில்ல. சரி, மனுவுக்காகப் பாக்கோணுமேன்னு பாத்தேன். அரை மணி நேரம் ஒண்ணும் நடக்கல. நெம்பத் திருப்தியா இருந்துச்சு. அப்ப அது தலையக் குனிஞ்சு, நெஞ்சுலேர்ந்து ஒரு பொடி எறகப் புடுங்கி, தண்ணியில நனைச்சு, பின்னால திரும்பி முதுகுல இருந்த குஞ்சு வாயில வெச்சுது. குஞ்சு முழுங்கிருச்சு. இன்னொண்ணு புடுங்குச்சு. மீன் முள்ளு வகுத்தக் குத்தாம இருக்கறதுக்குன்னு அப்பறம் அந்தக் காலேஜுப் பொண்ணு சொல்லித் தெரியும். அப்ப எனக்குத் தெரியாது. மனு போச்சேன்னு கூட அப்பத் தோணலீங்க, அதான் ஆச்சரியம்.

அப்பறம் பாருங்க, அப்பன்காரன் ஒரு மீனக் கொண்டாந்தான். குஞ்சோட தலை இத்துனூண்டு, மீனு இத்தன நீளம். குடுத்தான். குஞ்சு வாங்குச்சு, உள்ள போகல, துப்பீருச்சு. அப்பன் அதப் பொறுக்கி, தண்ணியில நாலு அடி அடிச்சு, மறுக்காக் குடுத்தான். பாதி போச்சு. மீதி வால் வாய்க்கு வெளிய. முழுங்கவும் முடியல, துப்பவும் மனசு வரல. கண்ண உருட்டீட்டு அப்பிடியே உக்காந்திருக்குது, மேலதிகாரி மொதநாளே பெரிய பத்திரத்தக் கையில குடுத்துட்டுப் போன புதுக் கிளார்க்கு மாதிரி. அந்த நேரம் பாத்து அம்மாக்காரி, முதுகுல ஒருத்தன் இருக்கறதையே மறந்துட்டு, தொபுக்குனு முங்கீட்டா! குஞ்சு தக்கை மாதிரி மெதக்குது. நாலா பக்கமும் பாக்குது. அம்மாவக் காணோம், முதுகக் காணோம், வாயில மீன் வாலு. கத்தோணும்னா வாயத் தொறக்கோணும், வாயத் தொறந்தா மீனு போயிரும். அது பட்ட பாடு இருக்குதே... ஐயோ, இப்ப நெனச்சாலும்... இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன். கடைசீல மீன முழுசா முழுங்கீட்டுத்தான் கத்துச்சுங்க அம்மிணி! முழுங்கீட்டுத்தான்!

சரி, வெசயத்துக்கு வர்றேன். என்ற கொறை இனித்தான் இருக்குது.

அந்தச் சமயத்துல, எனக்குப் பின்னால, கரையில, பத்தடி தூரத்துல ஒரு வாலாட்டி வந்து நின்னுச்சாமா. வகுறு வரைக்கும் மஞ்சள். புடரியில கறுப்பு வளையம். வெரலி வடக்க போயிப் பத்து நாளாச்சு, மஞ்ச வெட்டும் முடிஞ்சு கொப்பரையெல்லாம் கவுத்தாச்சு. சாயமில்ல, அசலு. ஏழெட்டு நிமிசம் நின்னு, ஓடி, பூச்சி புடிச்சுத் தின்னுட்டு, அக்கட்டால போயிருச்சாமா. இவ முழுசாப் பாத்திருக்கறா. ஊட்டுக்கு வந்து இட்லி சாப்புட்டு முடிச்சதுக்கப்பறம், கை களுவறப்பச் சொல்றா! அங்க ஓடுனேன், ஒண்ணுமில்ல. அவ தாமரைச்செல்விக்குப் போன் பண்ணிச் சொல்ல, அது மன்றத்துல சொல்ல, பல் டாக்டரு கிளினிக்கப் பூட்டீட்டு வந்து சாயந்திரம் வரைக்கும் கரையெல்லாம் தேடிப் போட்டோவே எடுத்துட்டாரு. அவருக்கு முந்நூத்திப் பன்னண்டு. எனக்கு இன்னும் அதே இருநூத்தித் தொண்ணூத்தொம்பது. அதுக்கப்பறம் அது வரலீங்க.

அன்னைக்கு அவளக் கேட்டேன். வாழ்க்கையில அப்பிடிக் கத்துனதில்ல. "ஏன் புள்ள, பத்தடியில நின்னிருக்குது! நான் ரெண்டு வருசமா ஊரு ஊராத் தேடறது உனக்குத் தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தே? தோளத் தொட்டு ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா என்ன?"

அதுக்கு அவ சொன்ன பதில அப்பிடியே எழுதிக்கங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க.

"நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க. கண்ணாலமாகி முப்பத்தஞ்சு வருசத்துல நீங்க அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதத்தான் பாத்துட்டு இருந்தேன். கூப்புட்டாப் பறந்துருமேன்னு பேசாம இருந்துட்டேன்"னா.

இதெல்லாம் ஒரு பதிலுங்களா? எந்த ரெஜிஸ்டர்ல எந்தக் கலத்துல இத எழுதறது? இவ இனியும் எதையாச்சும் பாத்துட்டுச் சொல்லாம உட்டுருவாளேன்னுதான் அன்னைக்கிருந்து தெனமும் வெடியால நானும் கூடப் போயிப் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். பறவை பாக்கறதுக்கு இல்லீங்க. அவ மேல ஒரு கண்ணு வெக்கறதுக்கு. என்ன அம்மிணி, பேனாவக் கீழ வெச்சுட்டீங்க? எழுதுங்க.